மீசை வைத்த ஆயா

சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் முறுக்கு மீசை வைத்திருந்த ஆண்கள் எத்தனையோ பேர். அவர்களில் "ஆயா!" என்று கூப்பிட்டதும் "இன்னா நைனா?" என்று திரும்பிப் பார்த்தவர் ஒரே ஒருத்தர்தான். மீசை என்றால் சும்மா மீசை இல்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு குழந்தை பிடித்துத் தொங்கலாம். தொங்கியும் இருக்கிறார்கள், கண்ணால் பார்த்தவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்கு அணு ஆராய்ச்சி வேலை. மகள் கவிதாவைப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நர்சரியில் எல்.கே.ஜி. சேர்த்தோம். முதல் நாள் அவள் கையை உதறிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதது நான். இரண்டாம் நாளும் அழுதேன். மூன்றாம் நாள் நர்சரியை நடத்துகிற பெரிய டீச்சர் வெளியே வந்து, "நீங்க இப்படி வாசல்ல நின்னு அழுதா மத்த பிள்ளைங்க பயப்படுது. உள்ள வந்து யு.கே.ஜி. எடுங்க" என்றார். நான் டீச்சரான கதை இவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் நர்சரியின் பழைய ஆயா, மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். "ஆயா தேவை" என்று கேட்டில் போர்டு மாட்டினோம். மறுநாள் காலை காக்கிச் சட்டையும் மீசையுமாக ஓர் ஆள் ஆபீஸ் அறைக்குள் வந்து நின்றார்.

"யாருக்கு வேலை? வீட்டம்மாவுக்கா?" என்று கேட்டார் பெரிய டீச்சர்.

"இல்ல மேடம். எனக்குத்தான்."

"ஆயா வேலைப்பா இது!"

"போர்டு பாத்துட்டுத்தான் வந்துகிறேன். ஆயா வேணும்னு போட்டுகீது. பொம்பள வேணும்னு போடலியே?"

பெரிய டீச்சர் நாற்பது வருஷம் தமிழ் இலக்கணம் நடத்தியவர். அவரே கேட்டுக்குப் போய்ப் போர்டை இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

விசாரித்ததில் ஆள் கடப்பாக்கம் பக்கம். செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம், செய்யூர் வழியாகக் கடப்பாக்கம் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸை முதலாளி விற்றுவிட்டார். வாங்கியவருக்கு வேலையில்லாத ஒரு மச்சான் இருந்தான்.

"குழந்தைங்களைப் பாத்துக்கத் தெரியுமா?"

"பொங்கலுக்கு டாப்பு, ஏணி, படிக்கட்டுன்னு ஜனத்தை ஏத்திகினு போயிருக்கேன் மேடம். ஒருத்தரும் கீழ வுழுந்ததில்ல."

"அது சரி. வேற வேலைக்குப் போகாம இதுக்கு ஏம்ப்பா வந்தே?"

மீசையை முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "எனக்கு ரெண்டு பொண்ணு மேடம். மொத ட்ரிப்புக்குப் போம்போதும் தூங்கினு இருக்கும், கடைசி ட்ரிப்பு முடிச்சி வந்தாலும் தூங்கினு இருக்கும். அதுங்க படுத்த நீளந்தான் எனக்குத் தெரியும். நின்னா இன்னா ஒசரம்னு தெரியாது. தெரிஞ்சிக்கலாம்னு பாக்குறதுக்குள்ள ரெண்டுத்துக்கும் கல்யாணம் ஆயிடுச்சி."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கால் கழுவி விடுகிற வேலை மட்டும் தண்ணீர் பிடிக்கிற அம்மா பொறுப்பு, மற்றதெல்லாம் இவர் பொறுப்பு என்று தீர்மானமாயிற்று.

அடுத்து, கூப்பிடுகிற பிரச்சினை. இந்தப் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி என்றும் அர்த்தம் என்பதால் பெரிய டீச்சருக்கு ரொம்பச் சங்கடம். "மாமான்னு கூப்பிடணும், சரியா?" என்று பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் தலையாட்டின. பிறகு மூக்கு ஒழுகியபோது "ஆயா!" என்றன. மூக்குத் துடைக்கிறவர் ஆயா, டிபன் பாக்ஸ் திறக்கிறவர் ஆயா. அதில் அவற்றுக்கு ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் வீடுகளில்தான். "ஆயா மீசைய முறுக்குச்சு" என்று ஒரு பையன் வீட்டில் போய்ச் சொல்ல, அவனுடைய அப்பா அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

மீசை ஆயாவுக்குத் தெரிந்த உலகம் பஸ் ஒன்றுதான். வந்த வாரமே எல்.கே.ஜி. நாற்காலிகளை நடுவில் வழிவிட்டு இரண்டு வரிசையாகப் போட்டார். கழுத்தில் விசில். ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும், டபுள் விசில் கொடுத்தால் கிளம்ப வேண்டும். சாப்பாட்டுக்கு டபுள் விசில். கை கழுவக் குழாயடிக்குப் போனால், "மதுராந்தகம் எறங்கு! பஸ்ஸு பத்து நிமிசம் நிக்கும்!" மத்தியானம் தூங்கி வழிகிற பிள்ளைகளை வேன் வந்ததும் எழுப்புவார்: "கடப்பாக்கம் வந்துடுச்சி, எந்திரி நைனா. மூட்டை முடிச்செல்லாம் பாத்து எடுத்துக்கோ." எங்கள் பிள்ளைகள் ஏ, பி, சி, டி சொல்வதற்கு முன்பே செய்யூர் ரூட்டை ஒரு ஸ்டாப் விடாமல் சொல்லின.

கதை சொல்லச் சொன்னால் அதிலும் பஸ்தான் வரும். யானை பின்பக்கம் ஏறும், முயல் முன்பக்கம் ஏறும். நரி டிக்கெட் எடுக்காமல் சீட்டுக்கடியில் ஒளிந்துகொள்ளும். சிங்கம் எப்போதும் செக்கிங் இன்ஸ்பெக்டர். எல்லாக் கதைக்கும் நீதி ஒன்றே: டிக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும், இறங்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அவர் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ரிப்பன் கட்ட வரவே வராது. அவிழ்ந்த ரிப்பனோடு ஒரு பெண் போய் நின்றால், பஸ் டாப்பில் மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, கட்டுகிற முடிச்சை அதன் தலையில் போட்டு அனுப்பிவிடுவார். சாயங்காலம் அம்மாக்கள் கத்தரிக்கோலோடு உட்கார வேண்டியதுதான். பிள்ளைகளுக்குச் சமமாக இவரும் சறுக்கு மரத்தில் ஏறி, நடுவில் மாட்டிக்கொண்டு, நாங்கள் மூன்று டீச்சர்கள் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளிய கதையும் உண்டு. "டீச்சரம்மா, பிரேக் டவுன்! எறங்கித் தள்ளுங்க!" என்று அந்த நிலையிலும் கத்தினார்.

ஒரு வெள்ளிக்கிழமை திருக்கழுக்குன்றம் கோயிலில் நல்ல கூட்டம். வரிசை நகரவில்லை. அப்பா தோளில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்.கே.ஜி. பையன் ஒருவன் திடீரென்று, "உள்ள போ, உள்ள போ! நடுவுல எடம் கீது பாரு! படிக்கட்டுல நிக்காத!" என்று குரல் விட்டான். கூட்டம் மளமளவென்று உள்ளே போனது. குருக்களே இரண்டு அடி தள்ளி நின்றார் என்று சொன்னார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒவ்வொரு வீடாகப் பாஷை மாறியது. இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய ஓர் அம்மா என்னிடம் வந்து கண் கலங்கினார். "காலையில எழுந்ததும் 'அம்மா, நாஸ்தா இன்னா'ன்னு கேக்கறான் டீச்சர். இட்லின்னேன். 'பேஜாரு'ங்கறான்."

ஆனால் பாஷை ஒரு சாக்குத்தான். பின்னால் ஒரு முணுமுணுப்பு வளர்ந்துகொண்டே வந்தது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை? கடைசியில் ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் போடச் சொன்னார்கள்.

எங்கள் நர்சரிப் பெற்றோர் கூட்டத்துக்கு அதுவரை அம்மாக்கள் மட்டும்தான் வருவார்கள். சரித்திரத்திலேயே முதல்முறையாக அன்றைக்கு அப்பாக்கள் வந்தார்கள். எதற்கு? ஆம்பளைகள் இங்கே வரக் கூடாது என்று சொல்வதற்கு! குழந்தைகளின் நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்துகொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். மூலையில் என் கணவரும் இருந்தார். அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இந்த வயசுப் பிள்ளைங்களைப் பாத்துக்க லேடீஸ்தான் சரி. ஆம்பளைக்கு இங்க என்ன தெரியும்?" என்றார் ஒருவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்க பையன் எந்த கிளாஸ் சார்?"

"எல்.கே.ஜி."

"யு.கே.ஜி. சார். ஜூன் மாசத்துலேருந்து என்கிட்டதான் படிக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு அவர்கள் சொன்னதையே மறுபடி சொன்னார்கள். நாலு பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டால் நர்சரியையே மூட வேண்டியதுதான். பெரிய டீச்சர் தலை குனிந்து, "சரி, வேற ஆள் பாக்கறோம்" என்றார்.

மீசை ஆயா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"கவி பாப்பா தயிர் சோறு துன்னாது டீச்சரம்மா. டபுள் விசில் குடுத்தா துன்னும். அந்த குண்டு நைனா இருக்கானே, அவனுக்குத் தூங்கும்போது ஜன்னலோரம் சீட்டு வேணும். இல்லாங்காட்டி அயுவான்." கேட்டைத் தாண்டியவர் திரும்பிப் பார்த்தார். "இப்பத்தான் ஒவ்வொண்ணும் இன்னா ஒசரம்னு கண்ணு அளவுல தெரிஞ்சி வெச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. நான் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுவது புதிதில்லைதானே.

திங்கட்கிழமை புது ஆயா வந்தார். பாவம், தங்கமான பெண்மணி. "நான்தாம்மா உங்க புது ஆயா" என்று கை நீட்டினார். பிள்ளைகள் அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தன.

"மீசை எங்க?" என்றாள் என் மகள்.

"எனக்கு ஏதுடி மீசை?"

"அப்ப நீங்க ஆயா இல்ல."

அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அந்தப் பிள்ளைகளுக்கு நினைவு தெரிந்த ஒரே ஆயா அவர். யானைக்குத் தும்பிக்கை மாதிரி ஆயாவுக்கு மீசை. அந்த அம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்தால் சாப்பிடவில்லை, பாய் விரித்தால் படுக்கவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே அழுகை. மறுநாள் அவர் வரவில்லை. அடுத்து வந்தவர் மத்தியானம் வரை தாக்குப்பிடித்தார்.

அந்தக் கோபத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். என் கணவருக்கு அந்த வாரம் மத்தியான ஷிஃப்ட். "காலையில சும்மாதான பேப்பர் படிக்கறீங்க? ஆள் கிடைக்கற வரைக்கும் நீங்க வந்து பாத்துக்கோங்க" என்றேன்.

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"கூட்டத்துல மட்டும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டினீங்களே?"

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. "குட் மார்னிங் சில்ட்ரன், இன்னிக்கு நான்தான் ஆயா" என்றார்.

கவிதா எழுந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க அப்பா. ஆயா இல்ல. மீசையே இல்ல."

என் கணவர் தினமும் மழமழவென்று ஷேவ் செய்கிறவர். அணுவைப் பிளக்கிற விஷயத்தில் யாருக்கும் சளைக்காத மனிதர், அரைமணி நேரம் அத்தனை பிள்ளைகளுக்கும் நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். ஒருவன் அவர் பேன்ட்டில் மூக்கைத் துடைத்தான். இன்னொருத்தி சாக்ஸைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அழுகை பெரிதானபோது அவருக்கு வேறு வழி தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் மார்க்கரை எடுத்து, கண்ணாடி முன்னால் போய் நின்று, காதுவரைக்கும் ஒரு மீசை வரைந்துகொண்டு வந்தார்.

சட்டென்று அழுகை நின்றது. "ஆயா!" என்று ஒரு குரல். நான் டபுள் விசில் கொடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

அந்த மார்க்கர் தண்ணீரில் அழியாத மார்க்கர் என்பது மத்தியானம் முகம் கழுவும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சோப்புப் போட்டார், தேங்காய் எண்ணெய் போட்டார், மண்ணெண்ணெயும் போட்டுப் பார்த்தார். ஷிஃப்டுக்கு மணியாகிவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு போனவரை, பல்வலியா என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார். இவர் பதில் சொல்லக் கைக்குட்டையை எடுக்க, அந்தக் கட்டடத்தில் அன்று வேறு வேலை நடக்கவில்லை.

மறுநாள் வேடிக்கை பார்க்க இரண்டு அப்பாக்கள் வந்தார்கள். அவர்களுக்கும் மீசை வரையப்பட்டது. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். கூட்டத்தில் "ஆம்பளைக்கு இங்க என்ன தெரியும்" என்று கேட்டாரே, அவர் யு.கே.ஜி. வாசலில் வந்து நின்று, "இதானே எங்க பையன் கிளாஸ்?" என்று உறுதி செய்துகொண்டு உள்ளே வந்தார். தன் மகன் இடது கைக்காரன் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் அவன் எழுதுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் அவரும் ஸ்கூட்டரில் கடப்பாக்கம் போய், மீசை ஆயா வீட்டைத் தேடிப் பிடித்து, வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார்கள். பெரிய டீச்சர் சொல்லித்தான் போனார்கள். மீசை ஆயா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு சின்ன வேலை கீது சார். முடிச்சிட்டு புதன்கெயமை வந்துர்றேன்" என்றாராம்.

புதன்கிழமை. பிள்ளைகளெல்லாம் கேட்டருகே வரிசையாக நின்றன. என் கணவர் கவிதாவை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். தூரத்தில் துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓர் ஆள் வந்தார். கேட்டருகே வந்து துண்டை எடுத்தார்.

மொட்டைத் தலை. சந்தனம். மீசையும் இல்லை.

"என்ன காரியம் பண்ணினீங்க?" என்று அலறிவிட்டேன்.

"திருப்பதிக்கு வேண்டிகினேன் டீச்சரம்மா. வேலை திரும்பக் கெடைச்சா மீசையைக் குடுத்துர்றேன்னு."

"முடி மட்டும் குடுத்தா போதாதா?"

"முடி எல்லாருந்தான் குடுக்குறாங்கோ. எங்கிட்ட கீறதுலயே ஒசந்தது இதானே."

வேலைக்காக மீசையைக் கொடுத்துவிட்டார். அந்த வேலையே மீசையில்தான் இருக்கிறது என்று மனுஷனுக்கு யார் சொல்வது? பிள்ளைகள் ஓரடி பின்னால் போயின. கவிதா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"ஆயா, கண்ணு. நம்ம ஆயா."

"பொய்."

குண்டுப் பையன் அழ ஆரம்பித்தான். அவன் அழுதால் எல்லாம் அழும். மீசை ஆயா கேட்டுக்கு வெளியிலேயே குந்திவிட்டார். பொங்கல் கூட்டத்துக்கு அசராத ஆள், உதடு நடுங்க என்னைப் பார்த்தார். அந்த உதட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

என் கணவர் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டார். மீசை ஆயாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து மார்க்கரை எடுத்து, "அண்ணே, ஆடாம இருங்க" என்றார். ஒரு பக்கம் வரைந்தார், எட்ட நகர்ந்து பார்த்தார், மறுபக்கம் வரைந்தார். "இன்னும் பெருசு!" என்றது ஒரு குரல். பெரிசாக்கினார். "முறுக்கு!" என்றது இன்னொன்று. முறுக்கினார். கவிதா கிட்டே போய் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் மை ஒட்டியது. அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு, "நம்ம ஆயாதான்!" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அவர் கழுத்தில் நான் விசிலை மாட்டினேன். ஊதத்தான் அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நிஜ மீசை முளைக்கிறவரைக்கும் தினமும் காலையில் ஓர் அப்பா வந்து, வேர்வையில் மங்கிய மீசையைத் திரும்ப வரைந்துவிட்டுப் போனார். அதற்கு அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். வரைய வந்தவர் சும்மா போக முடியுமா? "வந்ததுதான் வந்தீங்கோ சார், இந்த டப்பா மூடியைத் தெறந்து குடுங்க" என்பார் மீசை ஆயா. "அந்த ஷூ லேஸு கட்டிவுடுங்க." பழைய மீசை பழைய கம்பீரத்தோடு முளைத்த பிறகு வரைய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அப்பாக்கள் வருவது நிற்கவில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் எல்.கே.ஜி. பஸ்ஸில் அவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "பெரிய ஆளுங்கல்லாம் குறுக்க நிக்காத, உள்ள போ" என்று மீசை ஆயா அதட்டுவார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து அவராகவே வேலையை விட்டார். "பேத்தி நிக்க ஆரமிச்சிடுச்சி டீச்சரம்மா. இந்த ஒசரத்தை வுட்டுறக் கூடாது" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

ஒருமுறை அவரைப் பார்க்க நானும் என் கணவரும் கடப்பாக்கம் போயிருந்தோம். மீசை நரைத்திருந்தது. ஒரு பக்கத்தில் பேத்தி தொங்கிக்கொண்டிருந்தாள். அவளும் அவரை ஆயா என்றுதான் கூப்பிட்டாள். நிஜ ஆயாவான அவர் மனைவிக்கு அதில் தீராத வருத்தம். "என்னை இன்னான்னு கூப்புடும் இது? தாத்தான்னா?" என்று என்னிடம் முறையிட்டார்.

மீசை ஆயா என் கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கவி பாப்பா இப்ப இன்னா ஒசரம் சார்?"

என் கணவர் யோசிக்கவே இல்லை. கையை நீட்டித் தன் காதுக்குப் பக்கத்தில் வைத்து, "இதுவரைக்கும்ணே. போன தீபாவளிக்குத் தோள்பட்டை இருந்தா" என்றார். மீசை ஆயா அந்தக் கை நின்ற இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் கூடவே வந்தார். நாங்கள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும், பின்பக்கச் சீட்டை ஒரு தட்டுத் தட்டி, "ரைட், ரைட்!" என்றார். சட்டைக்குள்ளிருந்து விசிலை எடுத்து டபுள் விசில் கொடுத்தார்.

டபுள் விசில் கொடுத்தும் என் கணவர் வண்டியை எடுக்கவே இல்லை. அந்த ஸ்டாப்பை விட்டுப் போக அவருக்கு மனசில்லை.